விசாரணை முடியும் வரை: பிரிட்டன் செவிலியர்கள் மீதான இடைக்கால ஆணைகள்

2011 ஜூலையில் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரத்து ஸ்டெப்பிங் ஹில் மருத்துவமனையில், காரணம் புரியாமல் நோயாளிகளின் ரத்தச் சர்க்கரை சரிந்துகொண்டே இருந்தது. சோதித்துப் பார்த்தபோது, சலைன் பைகளிலும் ஆம்பூல்களிலும் யாரோ இன்சுலினைக் கலந்திருப்பது தெரியவந்தது. அந்த மாதமே 27 வயது நர்ஸ் ஒருவரைப் போலீஸ் கைது செய்தது. அவர் படம் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்தது. தொழில்முறை மன்றம் அவருக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஏறக்குறைய ஆறு வாரம் அவர் சிறையில் இருந்தார். செப்டம்பர் தொடக்கத்தில் அரசுத் தரப்பே குற்றச்சாட்டுகளை விலக்கிக்கொண்டது.

இன்சுலினைக் கலந்தவர் வேறொருவர். விக்டோரினோ சுவா என்ற ஆண் நர்ஸ், அதே மருத்துவமனையில் தொடர்ந்து டூட்டி பார்த்துக்கொண்டிருந்தார். நோயாளிகளின் மருந்துக் குறிப்பேடுகளில் யாரோ கைவைத்திருப்பது 2012 ஜனவரியில் தெரிந்தபோதுதான் அவர் கைதானார். இரண்டு நோயாளிகளைக் கொன்றதாகவும் பலருக்கு விஷம் கொடுத்ததாகவும் 2015 மே மாதத்தில் அவர்மீது குற்றம் உறுதியானது. ஆயுள் தண்டனை, குறைந்தது 35 ஆண்டுகள் உள்ளே இருக்க வேண்டும்.

ஒரே மருத்துவமனை, ஒரே கோடைக்காலம். நிறுத்தக் கூடாதவர் நிறுத்தப்பட்டார். நிறுத்த வேண்டியவர் வார்டில் நடமாடினார். செவிலியர்களின் தொழிலை ஒழுங்குபடுத்தும் எந்த அமைப்பும் அஞ்ச வேண்டிய இரண்டு தவறுகளும் அங்கே சேர்ந்தே நடந்தன. குற்றம் நிரூபணமாகும் முன்பே ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் அதிகாரம் மன்றங்களுக்கு ஏன் தேவைப்படுகிறது, அந்த அதிகாரம் எப்படிக் காயப்படுத்துகிறது என்று பேச இதைவிடப் பொருத்தமான தொடக்கம் கிடையாது.

பிரிட்டனில் இந்த அதிகாரம் நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலிடம் இருக்கிறது. சுருக்கமாக என்.எம்.சி. இந்தியாவில் அந்தப் பெயர் மருத்துவ ஆணையத்தைக் குறிக்கும் என்பதால் குழம்ப வேண்டாம்; இங்கே சொல்வது லண்டனில் இயங்கும் செவிலியர் மன்றத்தை. செவிலியர்கள், மகப்பேற்றுச் செவிலியர்கள் என எட்டு லட்சத்துக்கும் அதிகமானோரின் பெயர் அதன் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவு இல்லாமல் அங்கே யாரும் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. பிரிட்டனுக்கு வெளியே படித்துவிட்டு அங்கே பதிவுபெற்றவர்களில் இந்தியாவில் படித்தவர்களே இன்று அதிகம். கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போனவர்கள் அதில் ஏராளம். இங்கே உள்ள பல குடும்பங்களின் கடனும் கல்யாணமும் வீடும் அந்தப் பதிவேட்டில் உள்ள ஒரு வரியைத்தான் நம்பியிருக்கின்றன.

அதிகாரத்தைத் தருவது 2001-ல் இயற்றப்பட்ட செவிலியர் ஆணையின் 31-வது பிரிவு. ஒரு நர்ஸ் மீது புகார் வந்து, விசாரணை முடியும் வரை காத்திருந்தால் ஆபத்து என்று தோன்றினால், மன்றம் நியமித்த குழு இரண்டில் ஒன்றைச் செய்யலாம். நிபந்தனைகளோடு வேலை பார்க்க விடலாம், அல்லது வேலையே பார்க்கக் கூடாதென்று இடைநிறுத்தலாம். பொதுமக்களின் பாதுகாப்புக்கு அது அவசியமாக இருக்க வேண்டும். அல்லது வேறு வகையில் பொதுநலன் கருதியதாகவோ, அந்த நர்ஸின் சொந்த நலனுக்கானதாகவோ இருக்க வேண்டும். மூன்றாவது காரணம் பெரும்பாலும் உடல்நலம், மனநலம் தொடர்பான வழக்குகளுக்கு. இரண்டாவதுதான் சர்ச்சைக்குரியது. நோயாளிக்கு ஆபத்தில்லை, ஆனாலும் தொழிலின் நற்பெயருக்காக ஒருவரை நிறுத்தி வைக்கலாமா? பல் மருத்துவர் ஒருவரின் வழக்கில் 2007-ல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது: பொதுநலன் என்ற ஒரே காரணத்துக்காக இடைநிறுத்துவது என்றால், அதற்கான அளவுகோல் மிக உயரத்தில் இருக்க வேண்டும்.

இடைக்கால விசாரணை என்றதும் சாட்சிக் கூண்டும் குறுக்கு விசாரணையும் நினைவுக்கு வரலாம். அப்படி எதுவும் அங்கே நடப்பதில்லை. மூன்று பேர் கொண்ட குழு, சட்ட ஆலோசகர் ஒருவர், மன்றத்தின் தரப்பில் பேச ஒருவர். 2020 பெருந்தொற்றுக்குப் பின் பெரும்பாலும் வீடியோவில்தான். கையில் இருப்பது வேலை கொடுத்த நிறுவனம் எழுதி அனுப்பிய புகார், சில குறிப்பேடுகள், சில சமயம் போலீஸ் தந்த ஒரு பக்கத் தகவல். நோட்டீஸ் வருவதற்கும் விசாரணைக்கும் இடையே பல சமயம் ஒரு வாரம்கூட இருக்காது. ‘நான் இதைச் செய்யவே இல்லை’ என்று நர்ஸ் சொல்லலாம். ஆனால் செய்தாரா இல்லையா என்று தீர்மானிப்பது அந்தக் குழுவின் வேலை கிடையாது. 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: இடைக்காலக் குழு உண்மையைக் கண்டறியத் தேவையில்லை, அதற்கு உரிமையும் இல்லை, புகாரின் தன்மையையும் அதன் பின்னால் உள்ள ஆதாரத்தின் தன்மையையும் எடைபோட்டு, ஆபத்து எவ்வளவு என்று மட்டும் பார்க்க வேண்டும். வெளிப்படையாகவே ஆதாரமற்ற புகார் என்றால் தள்ளிவிடலாம்.

இதில் நியாயம் இருக்கிறது. பத்து நாளில் முழு விசாரணை நடத்திவிட முடியாது. அதுவரை நோயாளியைக் காத்திருக்கச் சொல்லவும் முடியாது. ஆனால், இந்த ஏற்பாட்டில் ஒரு பேரம் அடங்கியிருக்கிறது. உன் தரப்பை இப்போது முழுதாகக் கேட்கப் போவதில்லை; பதிலுக்கு, சீக்கிரமே முழுதாகக் கேட்போம். இந்த இரண்டாவது பாதியை மன்றம் காப்பாற்றினால்தான் முதல் பாதி நியாயமாகும்.

இரண்டு வகை ஆணைகளில் நிபந்தனை ஆணை மென்மையானது என்றுதான் யாருக்கும் தோன்றும். வார்டுக்குள் போய்ப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். வழக்கமாக இடம்பெறும் நிபந்தனைகள் இப்படி இருக்கும்: ஒரே ஒரு நிறுவனத்தில்தான் வேலை பார்க்க வேண்டும், ஏஜென்சி மூலம் போகக் கூடாது. எந்த ஷிஃப்டுக்கும் பொறுப்பு நர்ஸாக இருக்கக் கூடாது. தகுதி மதிப்பிடப்படும் வரை, இன்னொரு பதிவுபெற்ற நர்ஸ் பக்கத்தில் நின்று பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது. குறிப்பிட்ட இடைவெளியில் மேலாளரைச் சந்தித்து, அவரது அறிக்கையை மன்றத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கே வேலைக்கு விண்ணப்பித்தாலும் இந்த நிபந்தனைகளின் நகலைக் கொடுக்க வேண்டும். வேலை கிடைத்தால் 7 நாளுக்குள் மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

இரவு ஷிஃப்டில் இருபத்தைந்து படுக்கைகள் உள்ள வார்டில் இரண்டே நர்ஸுகள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரில் ஒருவர் தனியாக மருந்து கொடுக்கக் கூடாது. மாத்திரை வண்டியை அவர் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு படுக்கையாகப் போகும்போது மற்றவரும் கூடவே போக வேண்டும். அந்த நேரத்தில் அழைப்பு மணி அடித்தால் யார் ஓடுவது? ஒருவர் வேலையை இருவர் சேர்ந்து செய்வதாக ஆகிவிடும். ஆள் பற்றாக்குறையில் தத்தளிக்கும் முதியோர் இல்லமோ சிறிய மருத்துவமனையோ இப்படி ஒருவரை வைத்துக்கொள்ள முன்வருவது அரிது. பகலிலும் இரவிலும் பொறுப்பு நர்ஸ் ஒரே ஒருவர்தான் என்ற முதியோர் இல்லங்களில் வாய்ப்பே இல்லை. ஏஜென்சி கூடாது என்பதால் அந்த வாசலும் அடைபடுகிறது. தாளில் ‘நிபந்தனையோடு வேலை’ என்றிருப்பது நடைமுறையில் வேலையில்லா நிலையாகிறது. அப்புறம், தான் பாதுகாப்பாக வேலை செய்வதை நிரூபித்துக் காட்டவும் அவருக்கு வழியில்லை. அடுத்த மறுபரிசீலனையில், ‘முன்னேற்றத்துக்கான சான்று எதுவும் எங்கள் முன் இல்லை’ என்று ஆணை நீட்டிக்கப்படும். எழுதப்பட்ட விதிகளில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் விளைவு கொடுமையானது.

முழு இடைநிறுத்தம் என்றால் முதல் அடி சம்பளத்தில் விழும். தமிழ்நாட்டு வாசகருக்கு சஸ்பெண்ட் என்பது பழக்கமான விஷயம்தான். அரசு ஊழியர் 17-இ விதியில் இடைநிறுத்தப்படுவார், பின்னால் 17-பி மெமோ வரும், இடையில் பிழைப்பூதியம் கிடைக்கும். தனியார் நிறுவனங்களுக்கும் 1981-ல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது: முதல் 90 நாட்களுக்குப் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாட்களுக்கு முக்கால், அதற்கு மேல் இழுத்தால் முழுச் சம்பளம். தாமதிக்கும் நிர்வாகம் தாமதத்துக்கான விலையைத் தரட்டும் என்ற எண்ணம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்காமல் சஸ்பெண்டை 3 மாதத்துக்கு மேல் நீட்டக் கூடாது என்று 2015-ல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. எல்லா இடத்திலும் இது ஒழுங்காக நடக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும், விசாரணையில் இருப்பவரும் சாப்பிட வேண்டும் என்ற கொள்கையாவது எழுத்தில் இருக்கிறது.

தொழில்முறை மன்றத்தின் ஆணைக்கு அந்தக் கொள்கை பொருந்தாது. ஏனென்றால் மன்றம் முதலாளி இல்லை. அது ஒரு காசும் தராது. வேலை கொடுத்தவர் தருவாரா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. மருத்துவர் ஒருவரின் வழக்கில் 2019-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம், ஒப்பந்தத்தில் வெளிப்படையாக இல்லாதபோது இடைக்கால இடைநிறுத்தத்தைக் காரணம் காட்டிச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் அது ஒப்பந்தத்தின் வாசகத்தில் தொங்குகிறது. ஏஜென்சி நர்ஸுக்கு அப்படித் தொங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை. வெளிநாட்டிலிருந்து போனவருக்கு இன்னொரு பயமும் உண்டு. அவரது விசா வேலை கொடுத்தவரின் பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போய் விசாவுக்கான ஆதரவு விலக்கப்பட்டால், வழக்கமாக 60 நாள் அவகாசம்தான். அதற்குள் இன்னொரு முதலாளியைத் தேட வேண்டும். இடைக்கால ஆணை உள்ள நர்ஸுக்கு அது எவ்வளவு சாத்தியம் என்று சொல்ல வேண்டியதில்லை. குற்றமற்றவர் என்று கடைசியில் தீர்ப்பு வரும்போது அவர் ஊர் திரும்பி மாதக்கணக்கில் ஆகியிருக்கலாம்.

இனி கால அளவுக்கு வருவோம். இந்தக் கட்டுரையின் உயிர்நாடி இதுதான்.

இடைக்கால ஆணையை முதலில் 18 மாதம் வரை விதிக்கலாம். இடையிடையே குழு மறுபரிசீலனை செய்ய வேண்டும். முதல் மறுபரிசீலனை ஆறு மாதத்துக்குள். 18 மாதத்துக்குள் வழக்கு முடியாவிட்டால் மன்றம் தானாக நீட்டிக்க முடியாது, உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும்; ஸ்காட்லாந்தில் கோர்ட் ஆஃப் செஷனை. நீதிமன்றம் ஒவ்வொரு முறையும் 12 மாதம் வரை நீட்டிக்கலாம். இத்தனை முறைதான் நீட்டிக்கலாம் என்ற உச்சவரம்பு சட்டத்தில் இல்லை.

இதன் பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். முழு விசாரணை நடந்து, குற்றம் நிரூபணமாகி, குழு தண்டனையாக விதிக்கக்கூடிய இடைநீக்கத்தின் அதிகபட்ச அளவு 12 மாதம். அதற்கும் மேலே பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவது மட்டுமே. அதாவது, தவறு செய்தார் என்று தீர்மானித்த பிறகு ஒருவரை ஓராண்டு நிறுத்தலாம். தவறு செய்தாரா என்று தெரியாத நிலையில் ஒன்றரை ஆண்டும் அதற்கு மேலும் நிறுத்தலாம். இது தண்டனை ஆகாது, பாதுகாப்பு ஏற்பாடு மட்டுமே என்று சட்டம் சொல்கிறது. வீட்டு வாடகை கட்ட முடியாமல் நிற்பவரிடம் இந்த வேறுபாட்டை விளக்கிப் பார்க்க வேண்டும்.

அப்படி நின்ற காலத்தையாவது இறுதித் தண்டனையில் கழிப்பார்களா? விசாரணைக் கைதிக்குச் சிறைக்காலத்தைக் கழிப்பது போல் இங்கே தானாகக் கழிப்பதில்லை. இரண்டும் வேறு என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. 2016-ல் நர்ஸ் ஒருவர் தொடுத்த மேல்முறையீட்டில்தான், தண்டனையைத் தீர்மானிக்கும்போது இடைக்காலத்தில் கழிந்த மாதங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது.

நீட்டிப்புக் கேட்டு மன்றம் வரும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு 2007-ல் ஹியூ என்ற மருத்துவரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழிகாட்டியது. குற்றச்சாட்டின் கனம், ஆதாரத்தின் தன்மை, நோயாளிகளுக்கு உள்ள ஆபத்து, வழக்கு ஏன் இன்னும் முடியவில்லை என்ற காரணம், ஆணை நீடித்தால் சம்பந்தப்பட்டவருக்கு நேரும் பாதிப்பு. இதில் நான்காவது கேள்விக்குத்தான் பல் இருக்க வேண்டும். வழக்கமாக வரும் பதில்கள்: போலீஸ் விசாரணை முடியவில்லை, நிபுணர் அறிக்கை வரவில்லை, வழக்கைக் கவனித்த அதிகாரி மாறிவிட்டார். நோயாளிக்கு ஆபத்து என்ற சொல் எதிரே நிற்கும்போது, மன்றத்தின் மெத்தனத்துக்காக ஆணையை விலக்க எந்த நீதிபதியும் தயங்கத்தான் செய்வார். அதனால் தாமதத்தின் சுமை தாமதித்தவர் மேல் விழாமல், காத்திருப்பவர் மேலேயே விழுகிறது.

மன்றம் தனக்கே வைத்துக்கொண்ட இலக்குகளும் இதைத்தான் காட்டுகின்றன. இடைக்கால ஆணை தேவைப்படும் வழக்குகளில் 80 விழுக்காட்டில் 28 நாளுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும். மொத்த வழக்குகளில் 80 விழுக்காட்டை 15 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். இரண்டாவது இலக்கை மன்றம் பல ஆண்டுகளாக எட்டவில்லை. மன்றங்களையே கண்காணிக்கும் பிரிட்டிஷ் ஆணையம், காலதாமத விஷயத்தில் என்.எம்.சி. தேறவில்லை என்று ஆண்டுக்கு ஆண்டு எழுதியிருக்கிறது.

2024 ஜூலையில் முன்னாள் அரசு வழக்கறிஞர் நசீர் அஃப்சல் தலைமையில் வெளியான ஆய்வறிக்கை என்.எம்.சி.யின் உள்ளே இருந்த நிலையை வெளியே கொண்டுவந்தது. சுமார் 6,000 வழக்குகள் தேங்கிக் கிடந்தன. அலுவலகத்துக்குள் இனப் பாகுபாடும் மிரட்டலும் இருந்தன. சிறு விஷயங்களுக்காக நல்ல செவிலியர்கள் ஆண்டுக்கணக்கில் விசாரிக்கப்பட்டார்கள். கவனிக்க வேண்டிய சில வழக்குகள் நழுவிப் போயின. முந்தைய ஓராண்டில் மட்டும், விசாரணையில் இருந்த 6 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் அல்லது அப்படிச் சந்தேகிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு தானே முன்வந்து எண்ணிப் பார்த்தபோது, 2018 முதல் 2021 வரையிலான நான்கு ஆண்டுகளில் இப்படிப்பட்ட 16 இறப்புகள் தெரியவந்தன. ஒவ்வொன்றுக்கும் விசாரணைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு மன்றம் தன் கோப்புகளில் உள்ளவர்களின் மரணத்தை எண்ணத் தொடங்கியதே பெரிய மாற்றம். எல்லா மன்றங்களும் எண்ண வேண்டும், எண்ணியதை வெளியிட வேண்டும்.

யார் மீது புகார் வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. பதிவேட்டில் உள்ள விகிதத்தோடு ஒப்பிட்டால், கறுப்பினச் செவிலியர்களையும் ஆண் செவிலியர்களையும் முதலாளிகள் அதிகமாக மன்றத்துக்கு அனுப்புகிறார்கள் என்று என்.எம்.சி.யின் சொந்த ஆய்வே கண்டது. முதல் சில வாரங்களில் இடைக்காலக் குழுவின் கையில் இருப்பது முதலாளி தரும் காகிதம் மட்டுமே என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, இந்த அதிகாரமே வேண்டாம் என்று யாராவது முடிவுக்கு வந்தால் அது பெரிய தவறு. அமெரிக்காவில் சார்லஸ் கல்லன் என்ற நர்ஸ் 16 ஆண்டுகள் நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் மருத்துவமனை மாற்றி மருத்துவமனை வேலை பார்த்தார். சந்தேகம் வந்த இடங்களில் அவரைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்பினார்கள். அடுத்த இடத்தில் கேட்டபோது எவரும் வாய் திறக்கவில்லை. 2003-ல் கைதானபோது நிலைமை கைமீறிப் போயிருந்தது. 29 கொலைகளை அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ‘தி குட் நர்ஸ்’ படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரியும். முதல் சந்தேகத்தின்போதே பதிவேட்டில் ஒரு தடைக்குறிப்பு விழுந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்!

பிரிட்டனிலும் ஒரு வழக்கு இதே கேள்வியை எழுப்பியது. செஸ்டர் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் நர்ஸாக இருந்த லூசி லெட்பி முதன்முதலில் கைதானது 2018 ஜூலையில். என்.எம்.சி.யின் இடைக்கால இடைநிறுத்தம் வந்ததோ, 2020 நவம்பரில் அவர்மீது முறைப்படி குற்றம் சாட்டப்பட்ட பிறகு. அவர் முன்பே வார்டிலிருந்து அலுவலக வேலைக்கு மாற்றப்பட்டிருந்தார் என்பது உண்மை. அவருக்குக் கிடைத்த தண்டனையின் ஆதாரங்கள் பற்றி இன்று நிபுணர்களிடையே கடும் விவாதம் நடப்பதும் உண்மை. ஆனால் இடைக்கால ஆணை என்பது குற்றத் தீர்ப்பைச் சார்ந்தது இல்லை. குழந்தைகளைக் கொன்றதாகச் சந்தேகத்தில் கைதான ஒருவர் பதிவேட்டில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் தடையின்றி இருந்தார் என்பதை எந்த விவாதமும் நியாயப்படுத்தாது. போலீஸ் என்ன முடிவெடுக்கிறது என்று பார்த்துவிட்டு நாம் பார்ப்போம் என்ற அணுகுமுறை, இடைக்கால அதிகாரத்தின் நோக்கத்துக்கே எதிரானது.

ஆக, குறை அதிகாரத்தில் இல்லை. அதைத் தொடங்கும் வேகத்துக்கும் முடிக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லாமல் போனதில் இருக்கிறது. நிஜமான ஆபத்து தெரிந்தால் சில நாளிலேயே நிறுத்த வேண்டும். நிறுத்திய பின், அந்த வழக்கு மற்ற எல்லா வழக்குகளுக்கும் முன்னால் போக வேண்டும். இடைக்கால ஆணை உள்ள வழக்கும் இல்லாத வழக்கும் ஒரே வரிசையில் காத்திருக்கக் கூடாது. நீட்டிப்புக்கு உச்சவரம்பு வேண்டும். வார்டின் ஆள்பலம் என்ன என்று கேட்காமல் எந்த நிபந்தனையும் எழுதக் கூடாது. இடைநிறுத்தப்பட்டவருக்குப் பிழைப்பூதியம் தர ஒரு பொது நிதி இருக்க வேண்டும். எட்டு லட்சம் பேரிடம் ஆண்டுக்கட்டணம் வாங்கும் மன்றத்துக்கு இது எட்டாத காரியம் ஆகாது. இந்தியாவில் 1947-ம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் தேசிய செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. அதன்கீழ் ஒழுங்கு நடவடிக்கைக்கு விதி எழுதுகிறவர்கள், பிரிட்டன் பட்ட பாட்டைப் படித்துவிட்டு எழுதட்டும். காலக்கெடுவை நர்ஸுக்கு மட்டும் வைக்காமல் ஆணையத்துக்கும் வைக்கட்டும்.

பிரிட்டனுக்குப் போகும் நம்மூர்ச் செவிலியர்களுக்கும் அங்கே ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ராயல் காலேஜ் ஆஃப் நர்ஸிங் போன்ற சங்கத்தில் உறுப்பினராகிவிடுங்கள். உறுப்பினராகும் முன் நடந்த சம்பவத்துக்குச் சங்கம் பொதுவாக வாதாட வராது. இடைக்கால விசாரணை நோட்டீஸ் வந்தால் பயந்து ஒதுங்காதீர்கள், கட்டாயம் கலந்துகொள்ளுங்கள். செய்யவில்லை என்று மட்டும் சொன்னால் அந்தக் குழுவுக்குப் போதாது. எந்த ஏற்பாட்டோடு உங்களால் ஆபத்தின்றி வேலை பார்க்க முடியும் என்பதை, உங்களை நேரில் அறிந்த மேலாளரின் கடிதத்தோடு அவர்கள் முன் வையுங்கள்.